பதினெட்டு பேருக்கு ஒரு டோக்கன்

ஆகஸ்ட் 4, 1991, ஞாயிறு

சேரப்பணஞ்சேரியில் ஹேமந்தின் மாமா நிலத்து மோட்டார் கொட்டகையில் இன்றும் பயிற்சி. பயிற்சி என்று எழுதவே கை கூசுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்து, மோட்டார் எரிகிறது, ஃபியூஸைப் பிடுங்குங்கள் என்றார். மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகிறது, நீங்கள் கேட்டது எங்கள் பாட்டு என்று ஹேமந்த் விளக்கினான். வந்ததைவிட அதிகக் கவலையோடு திரும்பிப் போனார்.

எங்கள் பாண்டுக்குப் பெயர் 'மெமோ'. நான், ஹேமந்த், தாண்டவராயன். மூவரும் மறைமலை நகரில் ஒரே கம்பெனியில் ட்ரெய்னி, மூவரும் மெமோ வாங்கியவர்கள். உறுப்பினர் தகுதி அவ்வளவுதான்.

உலகப் புகழ் வந்த பிறகு, உங்கள் இசை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கிதார் கற்றுத் தரும் காசெட் என்று நம்பி ஹேமந்த் போன வருடம் பர்மா பஜாரில் ஒன்று வாங்கினான். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் புன்னகைக்கிறாள். உள்ளே நான்கைந்து ஆண்கள் ரேஷன் கடைச் சண்டை மாதிரி கத்துகிறார்கள். எந்தப் பாட்டும் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மெயின்டனன்ஸில் இருக்கும் பம்பாய்க்கார இன்ஜினியர் கேட்டுவிட்டு, இதற்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர் என்றார். பாடுவது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவர்களும் எங்களைப் போல எங்கேயோ தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. ஹேமந்துக்குக் கிதாரில் சர்ச்சில் கற்ற மூன்று கார்டு, அதாவது மூன்று விரல்பிடி, தெரியும். நான்காவது தெரிந்தால் கெட்டுப்போவான் என்று தடுத்து வைத்திருக்கிறோம். தாண்டவராயன் கல்யாண பாண்டில் டிரம் அடித்தவன். மாப்பிள்ளை அழைப்பு அடியையே, பெண் வீட்டார் துரத்தினால் என்ன வேகத்தில் அடிப்பானோ அந்த வேகத்தில் அடிக்கிறான். நான் கம்பெனிக்கு வருமுன் ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு வருடம் பரிசுச் சீட்டு விற்றவன். 'நாளை குலுக்கல்' என்று மூச்சு விடாமல் கத்திப் பழகிய தொண்டை. இதெல்லாம் ஒரு பாட்டா என்று அம்மா கேட்கிறாள். ஹார்ட்கோர் அவளுக்குப் புரியவில்லை.

இதுவரை இரண்டு பாட்டு. 'கேன்டீன் சாம்பார்', நாற்பது நொடி. 'படப்பை பஸ்', இருபத்தைந்து நொடி. பஸ் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 5

தொண்டை கட்டிவிட்டது. லைனில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எங்கள் லைனில் ஒரு டோக்கன் உண்டு. பித்தளை, நடுவில் ஓட்டை, சூப்பர்வைசர் ரகுபதி சார் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய், ஏழு நிமிடத்தில் திரும்ப மாட்ட வேண்டும். பதினெட்டு பேருக்கு ஒரே டோக்கன். கம்பெனி விதிப் புத்தகத்தில் இது கிடையாது. ரகுபதி சாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. லைன் நிற்கவே இல்லை என்று மேலிடத்தில் நல்ல பெயர்.

இன்று பத்தரை மணிக்கு ஆணி காலி. பக்கத்து பிரஸ் நாகப்பண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி போக வேண்டும். டோக்கனோடு போன ஆள் வரவில்லை. ரகுபதி சாரிடம் போய் நின்றார். டோக்கன் வரட்டும் என்றார் சார், தலை நிமிராமலே. நாகப்பண்ணன் பிரஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நிற்கவில்லை. காக்கி பேன்ட் முன்பக்கம் கறுத்தது.

நாற்பத்தாறு வயது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன்டா கோதண்டம், நீ ஏன் சிரிச்ச? தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க, வந்துடுச்சு.

ஆகஸ்ட் 10

பஸ்ஸில் பாட்டு வந்துவிட்டது. டிக்கெட் பின்னால் எழுதினேன்.

பதினெட்டு பேருக்கு ஒரு டோக்கன்
பித்தளை டோக்கன், சாரோட டோக்கன்
வருதா? – வருது!
டோக்கன் வருதா? – வரல!
அடக்கு அடக்கு அடக்கு அடக்கு
நனைஞ்சான் நனைஞ்சான் நாகப்பன் நனைஞ்சான்!

ஐம்பது நொடி. எங்கள் கணக்கில் இது காவியம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாடிப் பார்த்தோம். கடைசி வரி வந்ததும் தாண்டவராயன் குச்சியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். ஹேமந்த் சிரிக்கவில்லை. அவர் பெயரை எடுத்துவிடு என்றான். அதுதானே ஜோக், எடுத்தால் என்ன மிஞ்சும் என்றேன். அவன் கிதாரை உறையில் போட்டுவிட்டான். சர்ச்சுக்குப் போகிறவனோடு பங்க் பாட வந்த என்னைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆயுத பூஜை விழாவில் தொழிலாளர்கள் திறமையைக் காட்டலாமாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். மே மாதம் பெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு இந்தப் பக்கம் மைக் செட் தருகிறவனே இல்லை. நாங்கள் பாட உலகத்தில் இருக்கும் ஒரே மேடை கம்பெனி மேடை. கம்பெனியைத் திட்டிப் பாட கம்பெனியே மைக் தருகிறது, வேறென்ன வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன்.

ரகுபதி சார் கூப்பிட்டு, நல்ல பாட்டாகப் பார்த்துப் பாடு, நிரந்தரம் பண்ணுகிற லிஸ்ட் நவம்பரில் வருகிறது என்று ஞாபகப்படுத்தினார். மூன்று வருடமாக ட்ரெய்னி. மறந்தா இருப்பேன்.

செப்டம்பர் 12

கேன்டீனில் நாகப்பண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். தாண்டவராயன் வாய் சும்மா இருக்குமா, எங்கேயோ பாடிக் காட்டியிருக்கிறான்.

"இன்னாப்பா, என்ன வெச்சு பாட்டு கட்டிக்கீறியாமே. சொல்லு, கேப்போம்."

சொன்னேன், தணிந்த குரலில். 'அடக்கு' வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டேன்.

"மீதி?"

நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"லைன்ல எல்லாம் சிரிச்சுட்டானுங்க. வூட்லயும் தெரிஞ்சு போச்சு. அதெல்லாம் போவட்டும். ஆனா பூஜை அன்னிக்கு அந்தாளு ரகுபதி முன்னால குந்திகினு சிரிப்பான் பாரு, பொண்டாட்டி புள்ளைங்களோட. அத மட்டும் பண்ணாதப்பா."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹேமந்த் ஒரு மாதம் முன்பே சொன்னான், நான் கிண்டலடித்தேன். வெக்கமா இருக்கு. ரொம்ப வெக்கமா இருக்கு.

செப்டம்பர் 15, ஞாயிறு

கடைசி வரியில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுவிட்டேன். 'நனைஞ்சான் நனைஞ்சான் கோதண்டம் நனைஞ்சான்.' மோனை போயிற்று. இப்போதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்றான் ஹேமந்த். பாட்டையே விட்டுவிட்டுச் சாம்பார் பாடினால் லிஸ்டில் பெயர் நிச்சயம் என்கிறான் தாண்டவராயன். அவன் சொல்வதும் நியாயம்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

அக்டோபர் 16, புதன்

எங்கே ஆரம்பிக்க.

மத்தியானமே மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் ஸ்பேனர், கேஜ், சுத்தியல் எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். ஜி.எம். குடும்பத்தோடு முன்வரிசை. அம்மாவும் வந்திருந்தாள். ஆறு மணிக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். டிரம் எங்கே என்று தாண்டவராயனைக் கேட்டேன்.

"சாமி முன்னால கீது. கிதாரையும் வெச்சுட்டேன். ஆம்ப்ளிஃபயரும்."

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை பண்ணித்தான் எடுக்க வேண்டும். இது தாண்டவராயனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு மாதமாகப் பூஜை அன்று வாசிக்கப் போகிறோம் என்று பேசியதில், பூஜை அன்று வாசிக்க முடியாது என்பது மூளையுள்ள மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஹேமந்த், எனக்கு இந்த விதி கிடையாதே என்று கிதார் பக்கம் போனான். அதில் மூன்று இடத்தில் குங்குமம். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றான் தாண்டவராயன். நிஜமாகவே ஒடிப்பான்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவில், வெற்றிலை மேல், பொட்டு வைத்துக்கொண்டு டோக்கன். ரகுபதி சார் அவருடைய தொழில் கருவியைப் பூஜையில் வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் சாம்பார் பாடுகிற எண்ணம் போய்விட்டது. வெறுங்கையோடு மேடை ஏறினோம். தாண்டவராயன் தொடையிலும் மார்பிலும் அடித்தான். ஹேமந்த் வாயாலேயே மூன்று கார்டையும் வாசித்தான். நான் பரிசுச் சீட்டுக் குரலை எடுத்தேன். 'வருதா?' என்றதும் பின்வரிசையிலிருந்து எங்கள் லைன் 'வருது' என்றது. நான் சொல்லித் தரவில்லை. 'அடக்கு' வரும்போது ஷெட் முழுக்கக் கத்தியது. கடைசி வரியில் என் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வெடித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது வேறு மாதிரி இருந்தது, கூச்சமே இல்லை.

ரகுபதி சார் சிரிக்கவில்லை. ஜி.எம். வடக்கத்திக்காரர். தமிழில் வணக்கமும் சாப்பாடும் தெரியும். என்ன பாட்டு என்று சார் பக்கம் சாய்ந்து கேட்டார். சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்ன ஆங்கிலம் எனக்கே புரிந்தது: சேஃப்டி சாங், சார். மெஷின் பக்கத்தில் அவசரப்படக் கூடாது என்கிறார்கள்.

ஜி.எம். எழுந்து நின்று கை தட்டி, ஒன்ஸ் மோர் என்றார்.

இரண்டாம் தடவை நாகப்பண்ணனும் எழுந்து நின்றார். 'வரல' என்று கத்தினதில் அவர் குரல்தான் பெரியது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள், "எப்படா நனைஞ்ச? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

அக்டோபர் 21, திங்கள்

புரட்சி முடிந்து வேலைக்குப் போனேன். டோக்கன் ஆணியில் தொங்குகிறது. பொட்டு மட்டும் இன்னும் அழியவில்லை.

நவம்பர் 11, திங்கள்

லிஸ்ட் வந்துவிட்டது. ஹேமந்த் நிரந்தரம். தாண்டவராயன் நிரந்தரம். கோதண்டம், பயிற்சி ஆறு மாதம் நீட்டிப்பு, ஒழுக்கம் கவனிக்கப்படும். பாட்டு எழுதியவன் என்ற மரியாதை எனக்கு மட்டும்தான்.

அம்மா லிஸ்டைப் பற்றிக் கேட்காமல் இரண்டு தோசை அதிகம் வைத்தாள். கேட்டிருக்கலாம்.

நவம்பர் 27, புதன்

சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து நான்கு பேர் பார்வையிட வந்தார்கள். ஜி.எம். முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: பிரஸ் லைன் தங்கள் சேஃப்டி பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும். வந்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர்க்காரராம்.

அதைக் கேட்டு ரகுபதி சார் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. அவர்கள் ஷெட்டுக்குள் வருமுன் ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினெட்டு பேரும் பாடினோம். மயிலாப்பூர்க்காரர் புருவத்தைத் தூக்கி, அது என்ன டோக்கன் என்று கேட்டார். கேன்டீன் டோக்கன், பழைய வழக்கம், இப்போது இல்லை என்றார் சார். ஜி.எம். ரொம்பச் சந்தோஷமாகி, இனி வாரம் ஒரு பார்ட்டி வரும், வரும்போதெல்லாம் பாடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஹேமந்த் நொந்துவிட்டான். "நாம இப்ப பஜனை கோஷ்டி ஆயிட்டோம்டா" என்றான். உண்மை. ஒரு ஹார்ட்கோர் பாண்டுக்கு இதைவிடக் கேவலம் வராது.

நவம்பர் 28, வியாழன்

காலையில் ஆணியில் ஒன்றும் இல்லை. ரகுபதி சார் ஆணியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

பத்தேகாலுக்கு நாகப்பண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். பழக்கத்தில் மேஜைப் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பி நேராகப் போனார். ஆறு நிமிடம் ஆயிற்று. எண்ணியது நான் மட்டும்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, மறுபடி பிரஸ்ஸை ஓட்டினார்.

லைனில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.