மரத்தில் காத்திருந்த சாம்பல்

இன்று காலை சில்வர் ஓக் கிளையில் தொங்கிய கயிற்றை அவிழ்த்தேன், அப்பா. தம்பி வரும்வரை உங்கள் சாம்பல் கலயம் அதில்தான் கட்டியிருந்தது. கயிற்றில் இன்னும் லேசாகப் புகை வாசனை.

அவன் வருவானா என்பதே எல்லோருக்கும் கேள்வி. விசா புதுப்பிப்பு இழுத்துக்கொண்டிருந்தது. கிளம்பினால் கனடாவுக்குத் திரும்ப முடியாதோ என்று பயந்தான். சித்தப்பா ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி நாகலூர் வந்து மரத்தடியில் நிற்பார்.

“ஏங் கண்ணு, எங்கண்ணன எத்தன நாளைக்குத் தொங்க உடுவே? பவானில கரைச்சுட்டு வந்தர்லாம்.”

“அப்பா சாமைக் காட்டுலதானுங்க தூவச் சொன்னாரு. தம்பி வரட்டுங்க.”

“அவன் வந்தா நா மொட்டையடிச்சுக்கறேன்” என்று வழுக்கைத் தலையைத் தடவினார்.

எனக்கும் நம்பிக்கை குறைந்துகொண்டுதான் வந்தது.

தம்பி வெளிநாடு போன புதிதில் பேப்பரில் ‘டயஸ்போரா’ என்று ஒரு சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டீர்கள். ஊர் விட்டு ஊர் போய்ச் சிதறி வாழ்கிறவர்கள் என்றேன். உங்கள் முகம் வாடியது. அகராதியைப் பார்த்துவிட்டு, மூலம் கிரேக்கம், பரவலாக விதைப்பது என்று பொருள் என்றேன். துரத்தப்பட்டவர்களுக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

“அத உடு கண்ணு. வெதச்சதுன்னா நொம்ப நல்லது. மொளச்சிருக்குதான்னு போய்ப் பாக்கத்தான் நமக்கு விசா வேணும்” என்று சிரித்தீர்கள். சொல்லின் பிறப்பில் ஆறுதல் தேடுகிறவள் இல்லை நான். அன்றைக்கு உங்களோடு சிரித்தேன், அவ்வளவுதான்.

விசா புதுப்பித்துக் கிடைத்ததும், போன வாரம் தம்பி வந்துவிட்டான். காட்டு மேட்டில் நின்று கலயத்துக்குள் கைவிட்டவன், முதல் பிடியைக் காற்றுக்கு எதிரே வீசி முகமெல்லாம் சாம்பலானான். “காத்து பாத்து வீசுடா, கனடாக்காரா” என்றார் சித்தப்பா. தம்பி திரும்பி நின்றான். அடுத்த பிடி இடுப்பிலிருந்து எழுந்து தோள் உயரத்தில் விரிந்தது. சிறு வயதில் உங்கள் பின்னால் நடந்து சாமை வீசிய அதே கை. சித்தப்பா பவானியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

முந்தாநாள் அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன். எப்போது வருவாய் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. பஸ் வளைவில் மறைந்தபோது, அவனைத் தொலைத்துவிட்டோம் என்று உங்களோடு சேர்ந்து இத்தனை வருடம் சுமந்த பயம் என்னிடம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்று மட்டும் சொல்லியிருந்தேன். செய்தான், அப்பா.