ஜூன் 13இல் நிரம்பிய நாற்பத்திரண்டு படிவங்கள்

அனுப்புநர்:
திருமதி பேர்ணடெற் சூசைதாசன்,
இல. 61/7, கிணற்றடி ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு ஒழுக்கநெறிக் குழு,
தென்கரை உளநல ஆய்வு நிலையம்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பொருள்: போகாத வீடுகளுக்குப் போனதாகவும் இறந்தவர் விடை சொன்னதாகவும் காட்டி ஓர் ஆய்வு முடிவு சரிபார்க்கப்பட்டமை, அம்முடிவைக் கொண்டு உளவளத்துணை அறையை மூடுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வருடம் மே மாதக் கடைசி வாரத்தில் உங்கள் நிலையத்துக்காக எங்கள் பகுதியில் வீடு வீடாகச் சென்று, பெண்களிடம் மனத்துயர் பற்றிய பத்துக் கேள்விகளைக் கேட்டு எழுதிய கள உதவியாளர் நான். நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, வீட்டில் யாருக்காவது பயப்படுகிறீர்களா என்பன போன்ற கேள்விகள். என் பொறுப்பில் நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தன.

2. இக்கேள்விகளை நம்பலாமா என்று பார்க்க ஒரு முறை உண்டெனப் பயிற்சியில் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பெண்ணிடம், அவர் தனியாக இருக்கும்போது, அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்க வேண்டும். விடைகள் ஒத்துப்போனால் நம்பலாம், இல்லாவிட்டால் பிழை எங்கே என்று தேட வேண்டும். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. ஏனென்றால் முதல் தரம் போனபோது ஒரு பெண்ணையும் தனியாகக் காணவில்லை. எங்கள் ஒழுங்கைக்குப் படிவத்தோடு யாராவது வந்தால் பக்கத்து வீட்டாரும் கதிரையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாமியாரும் கணவரும் பார்த்திருக்க, அழுகை வருகிறதா என்று கேட்டால் எந்தப் பெண் ஓம் என்பாள்?

3. ஜூன் 2ஆம் திகதி மேற்பார்வையாளர் திரு. தயாபரன் தொலைபேசியில் அழைத்து, இரண்டாம் சுற்று கைவிடப்பட்டது, இனிப் போகத் தேவையில்லை என்றார். நானும் நம்பினேன்.

4. ஆகஸ்ட் 6ஆம் திகதி அறிக்கை வெளியீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். தேநீரும் பற்றீஸும் தந்து, அறிக்கையில் ஒரு பிரதியும் தந்தார்கள். அதன் பின்னிணைப்பைப் புரட்டினேன். அதன்படி, என் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் நான் இரண்டாம் தரம் போயிருக்கிறேன். எல்லாம் ஒரே நாளில், ஜூன் 13இல். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு விடைகள் ஒத்துப்போகின்றனவாம்.

ஐயா, ஒரு வீட்டுக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் வேண்டும். அப்படியானால் அன்றைக்கு இருபத்தெட்டு மணித்தியாலம் இருந்திருக்க வேண்டும். அதுவும் போகட்டும். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அன்று கொட்டாஞ்சேனையில் வீட்டில் இருப்பவர் ஒன்றில் படுக்கையில் கிடப்பவர், அல்லது ஊருக்குப் புதியவர். சைவக்காரர் வீடுகளும் பூட்டித்தான் கிடந்தன. விடிய ஐந்து மணியிலிருந்து நான் கோயில் வளவில் நின்றேன். இந்தத் திகதியைப் போட்டவருக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

5. இதற்கு மேலும் ஒன்று உண்டு. பதினேழாம் இலக்கப் படிவம் காலஞ்சென்ற திருமதி புளோறன்ஸ் அவர்களுடையது. (பெயரை எழுத அவருடைய மகளிடம் அனுமதி பெற்றுள்ளேன்.) மே மாதம் நான் போனபோது அவருடைய கணவரின் தமையன் பக்கத்திலேயே இருந்தார். பத்துக் கேள்விக்கும் புளோறன்ஸ் "இல்லை" என்றார். பிறகு கேற் வரைக்கும் கூடவே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த முறை ஆரும் இல்லாத நேரமாப் பார்த்து வா பிள்ளை, எல்லாம் சொல்லுறன்" என்றார்.

சுற்று கைவிடப்பட்டாலும் நானாவது போயிருக்கலாம். திருநாள் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். ஜூன் 4ஆம் திகதி நெஞ்சுவலியால் அவர் இறந்துவிட்டார். அடக்கத்துக்கும் போனேன். ஒன்பது நாள் கழித்து, உங்கள் அறிக்கையின்படி, அவர் என் முன்னால் இருந்து மறுபடியும் பத்துக் கேள்விக்கும் "இல்லை" என்று சொல்லியிருக்கிறார்.

6. ஒரு கிழமையாக எல்லா வீட்டாரிடமும் விசாரித்தேன். முப்பத்தெட்டு வீட்டுக்கு நேரில் போனேன். ஹெந்தளைக்குக் குடிபோன மூவரிடம் தொலைபேசியில் கேட்டேன். இரண்டாம் தரம் ஒருவரும் வரவில்லை என்றே நாற்பத்தொரு பேரும் சொன்னார்கள். திரு. தயாபரனிடம் கேட்டபோது, "அது ஒரு போமாலிற்றி மிஸ், எப்பிடியும் அதே விடையத்தானே சொல்லுவினம்" என்றார். இப்படிச் சொல்பவருக்குச் சரிபார்த்தல் என்ற வேலையை யார் கொடுத்தது?

7. அப்படிவங்களில் உள்ள கையொப்பம் பொய்யல்ல, என்னுடையதுதான். பயிற்சியின் கடைசி நாள், இரண்டாம் சுற்றுப் படிவங்களிலும் இப்போதே வைத்துவிட்டால் திரும்ப வெள்ளவத்தைக்கு அலையத் தேவையில்லை என்று திரு. தயாபரன் சொல்ல, நாற்பத்திரண்டு வெற்றுப் படிவத்திலும் வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் வைத்தார்கள், நானும் வைத்தேன். இதற்காக வெட்கப்படுகிறேன். விசாரணையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. இம்முடிவு தாளோடு நிற்கவில்லை. யாருக்கு உதவி வேண்டும் என்று அறியப் பத்துக் கேள்வியே போதும், அதன்படி இங்கே தேவை குறைவு என்று தீர்மானித்து, எங்கள் பகுதியில் நீங்கள் நடத்தும் உளவளத்துணை அறையைச் செப்டெம்பர் 1 முதல் மூடுகிறீர்கள். புளோறன்ஸின் மகள் ரொஷேலுக்குப் பத்தொன்பது வயது. தாய் போனதிலிருந்து புதன்கிழமைகளில் அங்கே துணையாளர் செல்வி சுதர்சினியிடம் மட்டுந்தான் வாய் திறக்கிறாள். போன மாதம் அவளிடமும் அதே பத்துக் கேள்விகளை வீட்டில் வைத்துக் கேட்டார்கள். அதே பெரியப்பா பக்கத்தில் இருந்தார். அவளும் பத்துக்கும் "இல்லை" என்றாள். உதவி தேவையில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. தாயின் படிவமும் மகளின் படிவமும் ஒன்றுபோல இருக்கின்றன.

9. ஆகவே, அறையை மூடும் தீர்மானத்தை உடனே நிறுத்திவையுங்கள். மூலப் படிவங்களை வெளியார் பார்க்கத் திறந்துவிடுங்கள். இரண்டாம் சுற்றை உண்மையாக நடத்துங்கள். அதற்கு நானும் வேண்டாம், திரு. தயாபரனும் வேண்டாம். பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் வேறொருவர் போகட்டும், முதலில் ரொஷேலிடம் போகட்டும். அவளுடைய தாய்க்கு நான் பிந்திவிட்டேன்.

இம்முறை ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்து, இரண்டு தரம் வாசித்த பின்னரே கையொப்பமிடுகிறேன்.

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.08.18

(ஒப்பம்)
பேர்ணடெற் சூசைதாசன்