கூடத்தின் நடுவே ஒரு சுவர்

மாட்டுங்கா
3.8.2024

அன்புள்ள கிட்டு சித்தப்பாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். நம் பழைய வீட்டைப் பாதுகாக்க ஒரு அறக்கட்டளை எடுத்துக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கும் வேலையை எங்கள் அலுவலகம் செய்கிறது. 1937ஆம் வருஷத்து வரைபடத்தில் கூடம் ஒன்றாக, நீளமாக இருக்கிறது. இப்போது நடுவே ஒரு சுவர். தரையில் உள்ள பெரிய கறுப்பு வட்டம் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. இந்தச் சுவரை யார், எதற்காகக் கட்டினார்கள்? அப்பாவைக் கேட்டால் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். திறப்பு விழாவுக்கு நீங்கள் வரவேண்டும்.

ஹரிதா

டோம்பிவிலி
11.8.2024

ஹரிதா குட்டிக்கு ஆசிகள்.

சுவருக்கு வயது இருபத்தைந்து. உன் சித்தி வந்தனா மராத்திக்காரி. ஒரு நாள் பொம்பில் மீன் வறுத்தாள். அந்த வாரமே உன் அப்பா சுவர் எழுப்பினார், அவளுக்குத் தனிச் சமையல் என்று. தீட்டுக்குச் சுவர் வைத்த வீட்டில் எங்களுக்கு என்ன வேலை? கிளம்பிவிட்டோம். இடிப்பதானால் இடி. நான் வரமாட்டேன்.

கிட்டு

மாட்டுங்கா
24.8.2024

அன்புள்ள சித்தப்பா,

நேற்று சுவரின் ஓரத்தில் ஆறு செங்கல் எடுத்துப் பார்த்தோம். அஸ்திவாரமே இல்லை. தரைமேல் தார்ப்பாய் விரித்து, மணல் கொட்டி, அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். அடியில் டைல்ஸ் அப்படியே பளபளக்கிறது. எந்தக் கொத்தனார் இப்படிக் கட்டுவார்? தேடிப் போனேன். அதைக் கட்டிய கலீலுல்லா பாய் இன்னும் தாராவியில் இருக்கிறார்.

"டைல்ஸ்ல ஒரு கீறல் விழப்புடாது, இது எடுக்கப்போற செவருதான்னு ஒங்கப்பாதாம்மா சொன்னாவ. எடுக்க எப்போ கூப்பிடுவாவன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அப்பாவிடம் சொன்னேன். பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "ஊர்வாய்க்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. அவன் எடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். கேக்காம போயிட்டான்."

வந்தனா சித்தியிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஹரிதா

டோம்பிவிலி
30.8.2024

ஹரிதா குட்டிக்கு,

வந்தனாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் தம்பி இரண்டு பேருமே பைத்தியம் என்று மராத்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெளியே வர நேரமாயிற்று.

மீதிச் சுவரை இப்போது தொடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கல் ரயிலில் இருவரும் வருகிறோம். அதற்குள் அண்ணாவிடம் ஒன்று சொல்லிவிடு: சுவரை எடுக்கச் சொல்லிக் கிட்டு கேட்கிறான்.

கிட்டு