ஏழாம் நிறுத்தம் — ஆம்

மார்ச் 4

கேபிள் இன்றும் வரவில்லை. ஏழாம் நிறுத்தத்தில் விமானத்துக்குத் தரையிலிருந்து கரண்ட் கொடுக்கும் கேபிளின் தலை எரிந்து ஐந்து மாதம் ஆகிறது. அது இல்லாததால் வந்து நிற்கிற ஒவ்வொரு விமானமும் வாலில் உள்ள சின்ன இன்ஜினை ஓட்டிக்கொண்டே நிற்கிறது. அந்தப் புகையில்தான் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், பெட்டி இறக்குகிறார்.

பதிவேட்டில் நான் எழுதுவது: கேபிள் மாட்டப்பட்டது — ஆம். "இல்லை" என்று போட்டால் மூன்று பக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும், விமான நிலையத்தின் பசுமை மதிப்பெண்ணும் குறையும். அதனால் காலை டீயோடு அன்றைய விமானங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஆம்" போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வர வேண்டிய விமானம் அதன் ஊரிலிருந்து கிளம்பியே இருக்காது, நாங்கள் இங்கே மாட்டி முடித்திருப்போம்.

மார்ச் 9

அக்கா போனில்: "உங்க ஏரோப்ளேன் என் வீட்டு ஹால்லதான்டா நிக்குது. இவர் இருமுறத கேளு." சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மார்ச் 21

எங்கள் நிலையத்துக்குப் பசுமை விருது. மேலாளரை நாங்கள் பச்சை சார் என்போம். பேனா, கைக்குட்டை எல்லாம் பச்சை. "இனி நம்ம நிலையத்துல தேவையில்லாம ஒரு சொட்டு எண்ணெய்கூட எரியாது" என்று மைக்கில் சொன்னார். ஏழாம் நிறுத்தத்தில் வால் இன்ஜின் போட்ட சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினோம். நானும்.

ஏப்ரல் 2

நுரையீரல் டாக்டர் அத்தானின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே புகை பக்கமே போகக் கூடாது" என்றாராம். உள்ளே, பயணிகளின் பெட்டிகள் வரும் பெல்ட் பக்கம் மாற்றச் சொல்லி அத்தான் மனு கொடுத்திருக்கிறார். கிடைத்துவிடும். ஏன் கிடைக்காது?

ஏப்ரல் 11

மனு தள்ளுபடி. காரணம்: "பதிவேட்டின்படி ஏழாம் நிறுத்தத்தில் ஆறு மாதங்களாக எல்லா விமானங்களும் தரை மின்சாரத்தில் இயங்கியுள்ளன. புகைக்கு வாய்ப்பில்லை." கூடவே பதிவேட்டின் நகல், பதினான்கு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

அத்தான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கோபப்படவில்லை. "எழுத்து முத்து முத்தா இருக்குடா" என்றார். திட்டித் தொலைத்திருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 12

எல்லோரும்தானே போட்டார்கள்? நான் மட்டுமா?

ஆனால் எல்லோருடைய அத்தானும் அங்கே நிற்கவில்லையே.

ஏப்ரல் 14

நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதிக்கொண்டு பச்சை சாரிடம் போனேன். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இத நான் வாங்கினா விருது போகும், உங்க வேலையும் போகும். அவரோட நுரையீரல் மட்டும் திரும்பி வந்துடுமா? வீட்டுக்குப் போய் யோசிங்க."

யோசிக்கிறேனாம். கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பையில்தான் இருக்கிறது. அத்தான் அதே ஏழாம் நிறுத்தத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்.

ஏப்ரல் 27

இன்னும் பையில்தான். தூ.

மே 6

ஏழாம் நிறுத்தத்திலேயே விழுந்துவிட்டார். பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், உதடு நீலமாக. தூக்கினேன். கனமே இல்லை மனுஷன். இருபத்திரண்டு நாள்டா! இருபத்திரண்டு நாளா அந்தக் காகிதத்த என்னடா பண்ணிட்டு இருந்த?

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 3

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை போகவில்லை. போகும் போகும் என்று பயந்ததெல்லாம் இதற்குத்தானா? விருதுப் பலகையும் வாசலில் அப்படியே இருக்கிறது.

ஜூன் 19

புதுக் கேபிள் வந்தது. நானே மாட்டினேன். இன்ஜின் அடங்கியதும் பெட்டி இறக்குபவர்கள் பழக்கத்தில் கத்திக் கத்திப் பேசி, பிறகு கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாட்டிய பிறகு "ஆம்" எழுதினேன்.

மாலையில் அக்கா வீடு. அத்தானின் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களையிலிருந்து, "பிளக் லூசாகிடுது, சரியா இருக்கா பாரு" என்றாள். குனிந்து அழுத்திப் பார்த்தேன்.

"மாட்டியிருக்குக்கா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிக் குனிந்து, தானே ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.