இரண்டு வேட்டி

நெல்லையப்பர் துணை
பாளையங்கோட்டை, 14.9.1998

அன்புள்ள அத்தானுக்கு, சொர்ணம் வணங்கி எழுதுவது. பம்பாயில் மழை விட்டதா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

இன்று ஸ்கேன் அறையில் இருந்தது டாக்டரம்மா, நர்ஸ், நம் மகள் சுப்ரஜா, நான். அவள் வயிற்றில் இருப்பவர்களோடு ஆறு பேர். இரட்டையில் ஒன்று வளர்ச்சியில் பின்தங்குவதாகப் போன மாதமே சொன்னார்கள். தனியாக இருந்து கவலைப்படுவீர்கள் என்று எழுதவில்லை. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் ஏழாம் மாதத்திலேயே எடுக்க வேண்டியிருக்குமாம். அதைப் பார்க்கத்தான் இன்று டாப்ளர் ஸ்கேன். மனதுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஸ்கேன் பெட்டியிலிருந்து ரத்தம் ஓடும் சத்தம் உஷ் உஷ் என்று கிளம்பியது.

"எம்மா, சின்னது ஓடுத ஓட்டத்தைக் கேளு. ரயிலுக்குப் பிந்துன ஆள் மாதிரில்லா இருக்கு" என்றாள் சுப்ரஜா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. சின்னது பைய வளரட்டும். வாரா வாரம் இப்படிப் பாத்துக்கிடுவோம்."

குழந்தையைச் சுற்ற உங்கள் பழைய வேட்டி ஒன்று வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இரண்டு என்று எழுத அன்று கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன், இரண்டு அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் சரி, நானே இங்கே துவைத்துக்கொள்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

சொர்ணாம்பாள்