போட்டோவுக்குத் தூக்கிய குச்சி

ஜனவரி 9, ஜனக்புரி, டெல்லி

என் கட்டுரையில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் எங்கள் கால்நடை ஆய்வு மையத்தின் இயக்குநர். நம்ம தமிழ்நாட்டு ஊர்க்காரர் என்று நம்பியிருந்தேன்.

இன்று சென்னையிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு அவரே எருமைக்கிடாவின் உறைவிந்தைக் காட்டினார். போட்டோவுக்காக விந்து அடைத்த குச்சியைக் கடுங்குளிர் திரவ நைட்ரஜன் கேனிலிருந்து தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே விட்டார். இன்னொரு போட்டோவுக்கு மறுபடி எடுத்தார். இளகி மறுபடி உறைந்தால் விந்தணு செத்துவிடும். கட்டுரையே அதைப் பற்றித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அதை இளக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார்; ஒரு விந்தணுகூட அசையவில்லை.

"அரே, என்னம்மா ஆச்சு?" என்று என்னைப் பார்த்தார்.

"எனக்கென்ன சார் தெரியும்? கட்டுரை எழுதினது நீங்கதானே" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் முகம் போன போக்கை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அது ஒன்றுதான் குறை.