இலவசமாய் வைத்த பாட்டு

24 நவம்பர் 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. தொழிற்சாலையில் இன்று முழுக்க நூறு கிராம் தேயிலைப் பொட்டலம்தான். ஐந்தரைக்கு மிஸ் கால் வரவில்லை. இதோடு ஐந்தாவது நாள்.

ஐந்து மாதமாக ஒரு நாள் தவறியதில்லை. லெம்பா பெர்த்தாம் முட்டைக்கோசுத் தோட்டத்தில் வேலை முடிந்து கை கழுவியதும் அண்ணனின் கூட்டாளி குகனேஸ்வரன் போனில் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். நானும் திருப்பி ஒரு மணி விடுவேன். எடுத்துப் பேசுவது கிடையாது. அண்ணிக்குத் தெரிந்தால், நாற்பத்தொரு வயதில் இதுதான் உன் காதலா என்று சிரித்தே சாவாள். இருந்தாலும் ஐந்தரை ஆனால் எனக்கு வேறு சத்தம் காதில் ஏறுவதில்லை.

27 நவம்பர், வியாழன்

நானே அடித்தேன். பாட்டுதான் கேட்டது.

தீபாவளிக்கு அண்ணனைப் பார்க்க வந்தவர், தன் பட்டன் போனை அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ‘உங்களை அழைப்பவருக்குப் பாட்டு, முப்பது நாள் இலவசம்’ என்று அதில் ஒரு செய்தி வந்து கிடந்தது. ஒரு காதல் பாட்டாகப் பார்த்து நான்தான் அமுக்கி வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. நான் அடித்தால் எனக்குக் கேட்கட்டும் என்ற ஆசை.

பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. எடுக்கவில்லை. திருப்பியும் அடிக்கவில்லை.

3 டிசம்பர்

ஒன்றும் இல்லை.

9 டிசம்பர், செவ்வாய்

கியா பார்ம் சந்தையில் குகனைப் பார்த்ததாக அண்ணன் சொன்னான். “நல்லாத்தான் இருக்கான். கோசு எறக்கிக்கிட்டு இருந்தான்.”

நல்லா இருக்காராம்! அப்ப என்னதான் வந்துச்சு இந்த மனுசனுக்கு? சலிச்சுப்போச்சா? நான் என்ன கேட்டேன், தாலியா கேட்டேன்? ஒரு மணி. ஒரே ஒரு மணி.

இனி அடிக்கப் போவதில்லை.

10 டிசம்பர்

அடித்தேன். பாட்டுக் கேட்கத்தான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

21 டிசம்பர், ஞாயிறு

என்னோடு பொட்டலம் கட்டும் விக்னேஸ்வரிக்குப் போனில் போட்ட காசு போட்டபடி மறைகிறதாம். துணைக்குப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். போன் கடை மகேன் வாங்கிப் பார்த்துவிட்டு, தினமும் ராசிபலன் செய்தி வருகிறதே, அதுதான் தின்கிறது என்றான்.

“ஓசின்னு வர்ற எதையும் அமுக்காதீங்கக்கா. மொத மாசம் ஓசி. அப்புறம் ஒங்களக் கேக்கவே மாட்டான், வெட்டிக்கிட்டே இருப்பான். எந்த அஞ்சு இலக்க நம்பர்லேர்ந்து வருதோ, அதுக்கே ‘ஸ்டாப் ஆல்’னு அனுப்புங்க. நிறுத்தியாச்சுன்னு பதில் வரணும். வரலன்னா கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்க.”

“பாட்டு வச்சா?” என்றேன்.

“அதுவும்தான் லா. பாட்டோட ராசிபலன், ஜோக்குன்னு இன்னும் நாலு ஒட்டிக்கும். கிரெடிட் காலியானா மிஸ் கால்கூட உட முடியாது.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான்தான் அந்த ஆண்டி. தீபாவளியிலிருந்து முப்பது நாளை எண்ணினேன். சரியாக மறுநாளிலிருந்துதான் அவர் மணி நின்றிருக்கிறது. ஒரு மாதமாக நான் ஏங்கி ஏங்கிக் கேட்ட பாட்டுதான் அவர் வாயைக் கட்டியிருக்கிறது.

23 டிசம்பர்

அதை அவர் போனிலிருந்துதான் நிறுத்த வேண்டும். இரண்டு செய்தி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. தினமும் வரும் குப்பையோடு என்னுடையதையும் படிக்காமல் அழித்திருப்பார். காரணமில்லாமல் அவர் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரமாட்டார். நான் போனால் என்ன?

28 டிசம்பர், ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

கீரை வாங்க என்று சொல்லி அண்ணன் லோரியில் தொற்றிக்கொண்டேன். அண்ணன் தோட்ட முதலாளியைப் பார்க்கப் போனதும் நேராகக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். கோசு அடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஏன் எடுக்கல?” என்றேன். நலம்கூட விசாரிக்கவில்லை.

“மிஸ் கால எடுத்தா ஒங்க காசுல்ல போவும்?”

“அவ்வளவு நேரம் அடிக்குதே, அது மிஸ் காலா?”

“அதான் எனக்கும் வெளங்கல. திருப்பி அடிக்கலாம்னா கிரெடிட் நிக்க மாட்டேங்குது லா. மூணு தடவ அஞ்சஞ்சு வெள்ளி காசு போட்டேன், மறுநாளே காணோம். கெட்ட போனுன்னு உட்டுட்டேன். நீங்களும் கோவிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“என்ன பாட்டு?” என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. வைத்திருப்பவருக்கு அது கேட்காதே! அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், அவரைத் தவிர. என் போனில் அவர் எண்ணை அடித்து அவர் காதில் வைத்தேன். அவர் சட்டைப்பையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அசையாமல் கடைசி வரி வரைக்கும் கேட்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

“இத வாயால சொல்லியிருந்தா ஓசியிலேயே முடிஞ்சிருக்கும், புனிதா” என்றார்.

கொண்டுபோன ஐந்து வெள்ளி டாப்-அப் சீட்டை அவர் போனில் ஏற்றி, ஏற்றிய கையோடு மகேன் சொன்னபடி அனுப்பினோம். மூன்று எண்கள். மூன்றிலிருந்தும் நிறுத்தியாச்சு என்று பதில் வந்த பிறகுதான் லோரி ஏறினேன். கீரை வாங்க மறந்துவிட்டேன்.

2 ஜனவரி 2026, வெள்ளி

அடித்தேன். வெறும் மணிதான். மூன்றாவதில் எடுத்தார். பதினோரு நிமிடம். பாதி நேரம் அங்கே பெய்யும் மழையை நானும், இங்கே பெய்யும் மழையை அவரும் கேட்டோம்.

பாட்டு இல்லாதது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

18 ஜனவரி, ஞாயிறு

மார்கழி முடியட்டும் என்று காத்திருந்தார்களாம். மலையடிவாரத்துப் பிடோரிலிருந்து அவர் அக்கா வருகிறார். அண்ணி காலையிலிருந்து இரவல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, மாமா, அவரு, ஒங்கண்ணன்... நாலு போதும்ல?” என்றாள்.

எனக்கும் ஒன்று போடச் சொன்னேன். அண்ணி திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் நடுவில் பெண் நாற்காலி போட்டு உட்காருவதா என்பது அந்தப் பார்வை. உட்காரத்தான் போகிறேன். இந்தத் தடவை நானே வாயால் சொல்ல வேண்டியது இருக்கிறது.